ஜெல்லில் உண்டு, இலையில் இல்லை

பிற்கலப்பில், அதாவது கலப்பினத்தைப் பெற்றோர் ரகம் ஒன்றோடு மறுபடி கலந்ததில், வந்த நெற்செடி ஒன்று. பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிரான எக்ஸ்ஏ21, எக்ஸ்ஏ13, எக்ஸ்ஏ5 என்ற மூன்று மரபணுக்களுக்கும் டிஎன்ஏ சோதனை ஜெல்லில் பட்டை பளிச்சென்று விழுந்திருக்கிறது. அதே செடியின் இலை நுனியைக் கிருமிக் கரைசலில் தோய்த்த கத்தரிக்கோலால் வெட்டிவிட்டு 14ஆம் நாள் அளந்தால், 18 செ.மீ. காய்ந்து கிடக்கிறது. உடனே எல்லாருக்கும் தோன்றுவது, "டிஎன்ஏவை மறுபடி எடுத்து ஓட்டிப் பார்." அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஜெல்லைவிட இலைச் சோதனையில்தான் தவறு நுழைய வாசல்கள் அதிகம். அவற்றை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் கருவிப் பக்கம் போனால் போதும்.

பெயர்களைப் பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. எக்ஸ்ஏ5, எக்ஸ்ஏ13 இரண்டும் ரோமன் எழுத்தில் சிற்றெழுத்தாக எழுதப்படுபவை, அதாவது ஒடுங்கு மரபணுக்கள்: இரண்டு பிரதியும் எதிர்ப்பு வடிவமாக இருந்தால்தான் காக்கும். எக்ஸ்ஏ21 பேரெழுத்தில் தொடங்குவது, ஒரு பிரதியே போதுமான ஓங்கு மரபணு. தமிழில் எழுதும்போது இந்த வேறுபாடு கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. கீழே வரும் குழப்பங்களில் பாதி இதிலிருந்தே கிளம்புவதால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றும் மூன்று விதம்

சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா இலை விளிம்பில் நீர் கசியும் துளைகள் வழியாகவோ காயத்தின் வழியாகவோ புகுந்து, சைலம் குழாய்களில் பெருகுகிறது. அங்கே அதற்குச் சர்க்கரை வேண்டும். தன் டேல் புரதங்களைச் செடியின் செல்லுக்குள் செலுத்துகிறது. அவை நேராக உட்கருவுக்குப் போய், ஸ்வீட் குடும்பத்து மரபணுக்களின் புரோமோட்டரில் (மரபணுவின் சுவிட்ச் போன்ற பகுதியில்) உட்கார்ந்து அவற்றை முடுக்கிவிடுகின்றன. ஸ்வீட் புரதங்களின் வேலை செல்லுக்குள் இருக்கும் சர்க்கரையை வெளியே விடுவது. செடியின் பண்டகசாலைச் சாவியைச் செடியின் கையாலேயே திருப்ப வைக்கிற தந்திரம் இது.

எக்ஸ்ஏ13 என்பது 8ஆம் குரோமோசோமில் இருக்கும் ஸ்வீட்11 மரபணுவேதான். அதன் எதிர்ப்பு அல்லீலில், அதாவது எதிர்ப்பு தரும் வடிவத்தில், புரோமோட்டர் மாறியிருப்பதால், பிடிஎச்எக்ஸ்ஓ1 என்ற டேல் புரதத்துக்கு உட்கார இடம் கிடைப்பதில்லை. மரபணு முடுக்கப்படுவதில்லை, சர்க்கரையும் வெளியே வருவதில்லை. ஒரே ஒரு சாதாரண பிரதி இருந்தாலும் கிருமிக்கு அது போதும். அதனால்தான் இது ஒடுங்கு. (ஸ்வீட்11ஐ ஒரேயடியாக அடக்கிவிடலாமே என்றால், மகரந்தம் வளர அது தேவை. அடக்கினால் பதர்தான் மிஞ்சும். புரோமோட்டரில் கிருமி உட்காரும் இடத்தை மட்டும் மாற்றுவதே வழி. 2019இல் மரபணுத் திருத்தம் மூலம் ஸ்வீட்11, 13, 14 மூன்றின் புரோமோட்டர்களையும் அப்படித்தான் மாற்றிக் காட்டினார்கள்.)

எக்ஸ்ஏ5 வேறு வகை. 5ஆம் குரோமோசோமில் இருக்கும் இது, மரபணுக்களைப் படித்தெடுக்கும் பொது இயந்திரத்தின் ஒரு சிறு உறுப்பு. 39ஆவது அமினோ அமிலம் வாலினுக்குப் பதில் குளுட்டமிக் அமிலமாக மாறியிருக்கிறது. டேல் புரதங்கள் இந்த உறுப்பைப் பிடித்துக்கொண்டுதான் வேலை பார்க்கின்றன. பிடி நழுவினால் அவற்றின் வீரியம் குறைகிறது. குறைகிறது என்றுதான் சொல்கிறேன், நிற்கிறது என்று சொல்லவில்லை.

எக்ஸ்ஏ21 செல்லின் மேற்பரப்பில் நிற்கும் காவலாளி. ஒரைசா லாஞ்சிஸ்டமினேட்டா என்ற ஆப்பிரிக்கக் காட்டு நெல்லிலிருந்து வந்தது, 11ஆம் குரோமோசோமில் உள்ளது. 1995இல் இதைப் பிரித்தெடுத்தார்கள். அது எதைக் கண்டு விழித்துக்கொள்கிறது என்பது தெரியவர இன்னும் 20 ஆண்டுகள் ஆயின: கிருமி சுரக்கும் ராக்ஸ்எக்ஸ் என்ற சிறு புரதம், அதுவும் கந்தகம் ஏற்றிய வடிவில்.

முதல் சந்தேகம்: சோதனையே நடந்ததா?

எதிர்ப்புச் செடியின் இலையைப் பார்க்கும் முன் நோய்க்கு ஆளாகும் ரகத்தின் இலையைப் பாருங்கள். டிஎன்1 அல்லது ஐஆர்24 பக்கத்துத் தொட்டியில் இருக்க வேண்டும். அதில் 14 நாளில் 15 செ.மீ.க்கு மேல் கருகல் ஓடியிருந்தால் சோதனை நடந்திருக்கிறது. 10 செ.மீ.க்குக் கீழே நின்றுவிட்டால் அந்தத் தொகுதியின் எந்த எண்ணையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள். மறுபுறம் ஐஆர்பிபி60 இருக்க வேண்டும். ஐஆர்24இன் பின்னணியில் எக்ஸ்ஏ4, 5, 13, 21 நான்கும் சேர்ந்த வரிசை அது. அதிலேயே 12 செ.மீ. ஓடியிருந்தால் குற்றம் உங்கள் செடியில் இல்லை. மூன்றாவதாக, வெறும் தண்ணீரில் தோய்த்த கத்தரியால் வெட்டிய செடி. வெட்டுக்காயம் மட்டுமே அரை செ.மீ. முதல் ஒரு செ.மீ. வரை இலையைக் காயவைக்கும். அதை நோயாக எண்ணி "மிதமான எதிர்ப்பு" என்று எழுதியவர்கள் உண்டு.

கிருமி வளர்ப்பில் நடக்கும் தவறுகளுக்குக் கணக்கே இல்லை. ஒரு லிட்டருக்கு பெப்டோன் 10 கிராம், சுக்ரோஸ் 10 கிராம், குளுட்டமிக் அமிலம் 1 கிராம், அகர் 16 கிராம், அமிலக்காரநிலை 7 என்பது வழக்கமான ஊடகம். 28 டிகிரியில் வைத்தால் தனித்தனிக் குடியிருப்புகள் தெளிவாகத் தெரிய மூன்று நாளாவது ஆகும். இந்தக் கிருமி மெதுவாக வளர்வது. இலையிலிருந்து பிரித்தெடுக்கும்போது 24 மணி நேரத்தில் குண்டு குண்டாக மஞ்சள் குடியிருப்பு வந்துவிட்டது என்று மகிழ்ந்தால், அது அநேகமாக இலைமேல் சும்மா வாழும் வேறு ஏதோ மஞ்சள் பாக்டீரியா. நாம் தேடுவது இரண்டாம் நாள் ஊசிமுனை அளவிலும், மூன்றாம் நாளுக்கு மேல் வழவழவென்று வெளிர்மஞ்சளாக, உருண்டையாகவும் வரும். ஊடகத்தில் செஃபலெக்சின் 15–20 மைக்ரோகிராம்/மி.லி. சேர்த்தால் மற்றவை பெருமளவு அடங்கும், இது தப்பிக்கும்.

அடுத்தது மறுவளர்ப்பு. தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் கிருமி சொகுசுக்குப் பழகி நோய் உண்டாக்கும் திறனை இழக்கிறது. நிறம் மாறாது, வளர்ச்சி குறையாது, பார்த்தால் தெரியாது. அதனால் முதலில் கிடைத்த வளர்ப்பை 15–20 சதவீத கிளிசராலில் பல சிறு குப்பிகளாக மைனஸ் 80 டிகிரியில் வைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் புதுக் குப்பியிலிருந்து கீறித் தொடங்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை அதை டிஎன்1இல் ஏற்றி, கருகிய இலையிலிருந்து மறுபடி பிரித்தெடுத்து வைப்பது இன்னும் நல்லது.

கரைசலின் அடர்த்தி மி.லி.க்கு 10 கோடி முதல் 100 கோடி செல்கள் வரை இருக்கலாம். மூன்று நாள் வளர்ந்த தட்டிலிருந்து சுரண்டி, கிருமிநீக்கிய தண்ணீரில் கலந்து, 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தி 0.5 வரும்படி சரிசெய்வது பொதுப் பழக்கம். ஆனால் இந்தக் கிருமி சுரக்கும் பசையும் ஒளியைத் தடுக்கும், செத்த செல்லும் தடுக்கும். பழைய தட்டிலிருந்து எடுத்தால் ஒளியடர்த்தி 0.5, உயிருள்ள செல்லோ பத்தில் ஒரு பங்குதான் என்ற நிலை வரும். கரைசலில் ஒரு சொட்டைப் பத்துப் பத்தாக நீர்த்துத் தட்டில் பரப்பி எண்ணிப் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். சோதனை பொய்த்தால் அந்தத் தட்டு ஒன்றுதான் சாட்சி. கலக்கிய கரைசலை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

வெட்டும் வேலை எளிது. 1973இல் வெளியான இலை வெட்டு முறைதான் இன்றும் நடக்கிறது. அதிகம் தூர் கட்டும் பருவத்தில், முழுதாக விரிந்த மேலிலைகளில் செடிக்கு ஐந்தைத் தேர்ந்து, நுனியில் 1–2 செ.மீ. வெட்ட வேண்டும். ஒவ்வொரு இலைக்கும் கத்தரியைக் கரைசலில் தோய்க்க வேண்டும். "மூன்று இலைக்கு ஒருமுறை போதும்" என்று கைவேகத்தில் சுருக்கினால், இரண்டாவது மூன்றாவது இலைகளுக்குக் கிருமி குறைவாகப் போய், ஒரே செடியில் 16, 9, 4 என்று எண்கள் சிதறும். அப்படிச் சிதறிய எண்களைப் பார்த்தால் செடியைச் சந்தேகிக்காமல் கத்தரியைச் சந்தேகியுங்கள். மாலையில் வெட்டுவது நல்லது, உச்சி வெயிலில் வெட்டுவாய் சீக்கிரம் காய்ந்துவிடும். ஒரு கிருமி வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து உலரவிடுங்கள். ஈரத்தோடு தோய்த்தால் கரைசலில் ஆல்கஹால் கலந்து கிருமி சாகும்.

அளப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 21 நாள் வரை காத்திருந்தால் நோய்க்கு ஆளாகும் செடியின் இலை முழுவதும் காய்ந்துவிடும். அதற்கு மேல் கருகல் ஓட இலை இல்லை. 25 செ.மீ. இலையில் 25 செ.மீ. கருகியதும், 40 செ.மீ. இலையில் 25 செ.மீ. கருகியதும் ஒன்றல்ல. ஆகவே இலை நீளத்தையும் சேர்த்து எழுதுங்கள். 5 செ.மீ. வரை எதிர்ப்பு, 5–10 மிதமான எதிர்ப்பு, 10–15 மிதமாக ஆளாவது, அதற்கு மேல் ஆளாவது என்ற பிரிவு பரவலாக இருக்கிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் 4.8க்கும் 5.3க்கும் பெரிய அர்த்தம் கற்பிக்க வேண்டாம். கருகலின் ஓரம் எங்கே என்பதிலேயே இருவர் கண்ணுக்கு அரை செ.மீ. வித்தியாசம் வரும்: ஒருவர் சாம்பல் நிறம் முடியும் இடத்தில் அளப்பார், மற்றவர் மஞ்சள் மறையும் இடத்தில். ஒரு சோதனையை ஒரே ஆள் அளப்பதுதான் சரி.

இரண்டாவது: செடிக்கு வயது வந்ததா?

எக்ஸ்ஏ21ஐப் பற்றி மறக்கவே கூடாத ஒன்று, அது நாற்றுப் பருவத்தில் காப்பாற்றாது. இரண்டு இலைப் பருவத்தில் வெட்டினால், மரபணு இருக்கும் செடியும் இல்லாத செடியும் ஒன்றுபோலக் கருகும். வயது ஏற ஏறத்தான் எதிர்ப்பு கூடுகிறது. இடம் மிச்சம், நாள் மிச்சம் என்று 18–20 நாள் நாற்றில் சோதித்துவிட்டு, "மார்க்கர் (மரபணுவை ஜெல்லில் காட்டும் டிஎன்ஏ அடையாளம்) பொய் சொல்கிறது" என்று முடிவெடுப்பது அடிக்கடி நடக்கிறது. விதைத்த 40–50ஆம் நாள் சோதிப்பதே பாதுகாப்பு.

வெப்பநிலையும் இதோடு சேர்ந்தது. பல எதிர்ப்பு மரபணுக்கள் வெப்பம் ஏறினால் தளர்ந்துபோகின்றன, எக்ஸ்ஏ4 அப்படிப்பட்டது. எக்ஸ்ஏ7 மட்டும் தலைகீழ், சூட்டில் நன்றாக வேலை செய்கிறது. ஒரே வரிசையை ஒரு பருவத்தில் சோதித்து வந்த எண்ணும் இன்னொரு பருவத்தில் வந்த எண்ணும் ஒத்துப்போகாவிட்டால், ஜெல்லைத் தொடும் முன் வெப்பமானிப் பதிவை எடுத்துப் பாருங்கள். தழைச்சத்தும் கணக்கில் வரும். அளவுக்கு மீறிய யூரியாவில் வளர்ந்த கரும்பச்சை இலையில் கருகல் எல்லா ரகத்திலும் நீளும்.

மூன்றாவது: எந்தக் கிருமி?

மேலே சொன்ன டேல், ஸ்வீட் விவரம் இங்கேதான் கைகொடுக்கிறது. எக்ஸ்ஏ13 தடுப்பது பிடிஎச்எக்ஸ்ஓ1ஐ மட்டும். அதையே நம்பியிருக்கும் பிஎக்ஸ்ஓ99ஏ என்ற கிருமி வகை இந்தச் செடியில் முடங்கிப்போகும். பிஎக்ஸ்ஓ86இடம் ஏவிஆர்எக்ஸ்ஏ7 என்ற வேறு டேல் புரதம் இருக்கிறது. அது ஸ்வீட்11ஐ விட்டுவிட்டு ஸ்வீட்14ஐ முடுக்குகிறது. ஸ்வீட்11இன் கதவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. ஆகவே எக்ஸ்ஏ13 மட்டும் உள்ள செடி பிஎக்ஸ்ஓ86க்கு நீளமாகக் கருகுவது நியாயமே. எக்ஸ்ஏ5 இதற்கு நேர் எதிர்: பிஎக்ஸ்ஓ86ஐத் தடுக்கும், பிஎக்ஸ்ஓ99ஏயிடம் தோற்கும். பிடிஎச்எக்ஸ்ஓ1 ஸ்வீட்11ஐ அவ்வளவு பலமாக முடுக்குவதால், பிடி தளர்ந்த நிலையிலும் கிருமிக்கு வேண்டிய சர்க்கரை கிடைத்துவிடுகிறது. எக்ஸ்ஏ21 இரண்டையும் தடுக்கும்.

இதிலிருந்து ஒரு சிக்கனமான உத்தி கிடைக்கிறது. ஒரே செடியின் ஒரு தூரில் பிஎக்ஸ்ஓ99ஏ, இன்னொரு தூரில் பிஎக்ஸ்ஓ86. முதலாவதில் குட்டையும் இரண்டாவதில் நீளமுமாகக் கருகினால், 13 மட்டும் வேலை செய்கிறது. மாறி வந்தால் 5 மட்டும். இரண்டிலும் நீளம் என்றால் மூன்றுமே இல்லை, அல்லது 13ம் 5ம் ஹெட்டிரோசைகஸாக (ஒரு பிரதி எதிர்ப்பு, மற்றது சாதாரணம்) இருந்து 21 இல்லை. இரண்டிலும் குட்டை என்றால்தான் சங்கடம். 21 தனியாக இருந்தாலும் அப்படித்தான் வரும், 13ம் 5ம் சேர்ந்திருந்தாலும் அப்படித்தான், மூன்றும் இருந்தாலும் அப்படித்தான். அடுக்கிய மரபணுக்களை இலையால் எண்ண முடியாது, அங்கே மார்க்கர் இல்லாமல் ஒன்றும் நடக்காது. உள்ளூர்க் கிருமியை வைத்துச் சோதிப்பவர்கள், ஐஆர்பிபி4, 5, 7, 13, 21 என்ற தனி மரபணு வரிசைகள் எல்லாவற்றிலும் அதை முதலில் ஏற்றிப் பார்த்து, எது தடுக்கிறது எது தோற்கிறது என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டிக்கொள்ளட்டும். அது இல்லாமல் "எதிர்ப்பு உடைந்துவிட்டது" என்று அறிக்கை எழுதுவது அவசரம்.

இப்போது ஜெல்

மேற்சொன்னதெல்லாம் தாண்டியும் இலை கருகுகிறது என்றால் ஜெல்லுக்கு வரலாம். எக்ஸ்ஏ21க்குப் பிடிஏ248 மார்க்கர்: எதிர்ப்பு அல்லீல் 1000 கார இணைகளுக்குச் சற்றுக் கீழே, மற்றது 650–700 அளவில். எக்ஸ்ஏ13க்குப் புரோமோட்டர் மார்க்கர்: எதிர்ப்பு சுமார் 500, மற்றது சுமார் 250. இரண்டிலும் எதிர்ப்புப் பட்டைதான் பெரியது என்பதைக் கவனியுங்கள். ஹெட்டிரோசைகஸ் செடியில் இரண்டு அல்லீலும் போட்டி போடும்போது பிசிஆர் குட்டைத் துண்டுக்கே சலுகை காட்டும். டிஎன்ஏ சுமாராக இருந்தால் பெரிய பட்டை மங்கலாகிக் காணாமலே போகும், இருக்கிற மரபணுவை இல்லை என்று எழுதிவிடுவோம். நீட்டிப்பு நேரத்தை ஒரு நிமிடத்திலிருந்து ஒன்றரையாக்கினால் பெரும்பாலும் சரியாகும். சரியாகாவிட்டால் டிஎன்ஏவில் மாவுச்சத்தோ பசைச்சத்தோ கலந்திருக்கிறது என்று பொருள். வீழ்படிவு கண்ணாடி போல வழவழத்து, குழாயில் ஒட்டிக்கொண்டு கரையாமல் நின்றால் அதுவே அறிகுறி. இளம் இலையில் 100 மி.கி. போதும். முற்றிய இலையை 300 மி.கி. திணிப்பதால் டிஎன்ஏ கூடாது, அழுக்குத்தான் கூடும்.

எதிர்த்திசைத் தவறும் உண்டு: 250க்கும் 500க்கும் மேலே மூன்றாவதாக ஒரு மெல்லிய பட்டை. இரண்டு அல்லீலின் இழைகளும் கடைசிச் சுற்றில் ஒன்றோடொன்று கோணல்மாணலாக இணைந்து மெதுவாக நகர்வதால் வருவது அது. புது அல்லீல் இல்லை, செடி ஹெட்டிரோசைகஸ் என்பதற்கு உறுதிச் சான்று. ஒடுங்கு மரபணுவுக்கு இந்தச் சான்று முக்கியம். எக்ஸ்ஏ13 ஹெட்டிரோசைகஸாக உள்ள செடி கருகத்தான் வேண்டும். "பட்டை இருக்கிறது" என்று பார்ப்பது ஓங்கு மரபணுவுக்குப் போதும். ஒடுங்கு மரபணுவுக்கு மற்ற பட்டை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். முதல் பத்தியில் சொன்ன செடிக்கு மூன்றாம் பட்டையைத் தேடினார்களா என்பதுதான் நான் கேட்கும் முதல் ஜெல் கேள்வி.

ஒவ்வொரு ஜெல்லிலும் எதிர்ப்பு மரபணுவைத் தந்த கொடைப் பெற்றோர், அதைப் பெறும் மீள்பெற்றோர், இரண்டின் முதல் தலைமுறை, டிஎன்ஏ இல்லாத தண்ணீர் என நான்கு தடங்கள் கட்டாயம். முதல் தலைமுறைத் தடத்தில் இரண்டு பட்டையும் சமமாக விழாவிட்டால் அந்த ஜெல்லில் எந்த ஹெட்டிரோசைகஸையும் நம்பாதீர்கள்.

இன்னொன்று, மார்க்கர் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. எக்ஸ்ஏ13க்கு நோயெதிர்ப்பைத் தரும் மாற்றத்தையே பார்க்கிறோம். பிடிஏ248 எக்ஸ்ஏ21க்கு மிக அருகில் இருப்பது. அருகில் இருப்பதற்கும் அதுவாகவே இருப்பதற்கும் இடையே குறுக்கேற்றம் (குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) நுழைய இடம் உண்டு. மரபணுத் தூரத்தை அளக்கும் அலகான சென்டிமார்கன் ஒன்று நெல்லில் தோராயமாக இரண்டரை லட்சம் காரங்கள். ஒரு சென்டிமார்கன் தள்ளியிருக்கும் மார்க்கரை நம்பினால் நூறு செடியில் ஒன்று ஏமாற்றும். எக்ஸ்ஏ5க்குத் தொலைவிலுள்ள பழைய எஸ்எஸ்ஆர் மார்க்கர்களைப் பயன்படுத்துபவர்கள், அந்த 39ஆவது அமினோ அமிலத்தின் மாற்றத்தையே நேராகப் பார்க்கும் மார்க்கருக்கு மாறிவிடுவது நல்லது.

விதையிலேயே தவறு

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வது. கலப்பு செய்யும்போது ஆறு மகரந்தப்பைகளில் ஒன்று தப்பினாலும் கலப்பு விதை என்று நாம் நினைப்பது சுயவிதையாகிவிடும். கதிர் பாதிக்கு மேல் வெளிவந்திருக்கும்போது, நுனியில் ஏற்கெனவே பூத்தவற்றையும், அடியில் மகரந்தப்பை பூவின் பாதி உயரம்கூட எட்டாத இளசுகளையும் நீக்கிவிட்டு, நடுவில் 30–50 பூக்களை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். மாலையில் உமியின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக வெட்டி, இடுக்கியாலோ உறிஞ்சு குழாயாலோ ஆறு பைகளையும் எடுத்து, பட்டர் பேப்பர் பையை மாட்டிவிடலாம். மறுநாள் காலை 9 முதல் 11க்குள் ஆண் கதிர் பூக்கும்போது மகரந்தத்தைத் தட்டிவிட வேண்டும். மகரந்தத்தின் ஆயுள் சில நிமிடங்கள்தான், சூல்முடியோ நாட்கணக்கில் காத்திருக்கும். அதனால் பெண் கதிரை ஆண் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோவதே முறை, ஆண் கதிரைப் பறித்துக்கொண்டு வயலைக் கடந்து வருவதில் பயனில்லை.

பிற்கலப்பில் எதைப் பெண்ணாக வைப்பது என்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மீள்பெற்றோரைப் பெண்ணாக வைத்தால், தப்பிய பையால் விளைந்த சுயவிதையில் எதிர்ப்பு அல்லீலே இருக்காது. மார்க்கர் தானாக அதைக் கழித்துவிடும். கலப்பினச் செடியைப் பெண்ணாக வைத்தால் சுயவிதையிலும் அல்லீல் வரும். அப்போது காட்டிக்கொடுப்பது ஒன்றே ஒன்று: பிற்கலப்பின் முதல் தலைமுறையில் எதிர்ப்பு அல்லீல் ஹோமோசைகஸாக (இரண்டு பிரதியிலும்) இருக்க வாய்ப்பே இல்லை. ஜெல்லில் அப்படி ஒரு செடியைக் கண்டால் அதிர்ஷ்டம் என்று கொண்டாடாதீர்கள். அது சுயவிதை. அந்தக் கதிரில் வந்த மற்ற செடிகளும் சந்தேகத்துக்குரியவை.

செடிகளின் எண்ணிக்கையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். பிற்கலப்பில் மூன்று மரபணுவும் ஒருசேர வர வாய்ப்பு எட்டில் ஒன்று. ஒரு செடியாவது கிடைக்கும் என்பதற்கு 99 சதவீத உறுதி வேண்டுமானால் 35 செடிகள் போதும். கடைசியில் சுயவிதையாக்கி மூன்றும் ஹோமோசைகஸாக வேண்டும் என்கிறபோது வாய்ப்பு 64இல் ஒன்றாகச் சரிகிறது. 95 சதவீத உறுதிக்கு 191 செடி, 99க்கு 293. நூறு செடி வளர்த்து ஒன்றும் கிடைக்காமல், இரண்டு ஹோமோசைகஸும் ஒரு ஹெட்டிரோசைகஸுமாக உள்ள செடியை "கிட்டத்தட்ட அதுதான்" என்று அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதில்தான் பல திட்டங்கள் வழுக்குகின்றன. அதன் பிள்ளைகளில் கால் பங்கில்தான் மூன்றும் நிலைத்திருக்கும், அந்த ஒரு மரபணு ஒடுங்காக இருந்தால் மீதி முக்கால் பங்கிலும் அது காக்காது. மகரந்தப்பை வளர்ப்பு கைவரும் ரகமாக இருந்தால், மகரந்தத்தின் ஒற்றைக் குரோமோசோம் தொகுதியை இரட்டித்து உண்டாக்கும் இரட்டித்த ஒற்றைமயச் செடிகளில் இதே வாய்ப்பு எட்டில் ஒன்றாகவே நிற்கும். ஆனால் இண்டிகா ரகங்களில் பல அந்த வளர்ப்புக்கு லேசில் இணங்குவதில்லை.

குலை நோய்க்கும் இதே சண்டைதான்

விவரம் மட்டும் மாறும். குலை நோய் பூஞ்சையால் வருவது. மி.லி.க்கு ஒரு லட்சம் பூஞ்சை வித்துகளை, இலையில் ஒட்டிப் பரவ உதவும் ட்வீன் 20ஐ 0.02 சதவீதம் சேர்த்து, மூன்று நான்கு இலை நாற்றின் மேல் தெளித்து, 24 மணி நேரம் இருட்டில் 25–28 டிகிரியில், இலையில் பனித்துளி நிற்கும் ஈரப்பதத்தில் வைக்கிறோம். ஆறேழு நாளில் புள்ளி பார்க்கலாம். பூஞ்சை தன் ஒட்டுறுப்புக்குள் 8 மெகாபாஸ்கல் அழுத்தம் ஏற்றி இலைத்தோலைக் குத்துகிறது. அந்த அழுத்தம் கட்டி எழுப்ப இலை மேல் தண்ணீர் இருக்க வேண்டும். இரவில் மூடி விலகி நான்கு மணி நேரம் இலை உலர்ந்துபோனால், எதிர்ப்பு இல்லாத செடியும் சுத்தமாக நிற்கும். இலைக்கருகலில் பொய்யாகக் கருகுவது சிக்கல் என்றால், இங்கே பொய்யாகப் பச்சையாக நிற்பது. ட்வீன் அளவு மீறினால் வித்து முளைக்காது, அதுவும் இதே தோற்றத்தைத் தரும்.

12ஆம் குரோமோசோமின் பிஐ-டிஏ மரபணுவில் எதிர்ப்புக்கும் இல்லாமைக்கும் இடையே 918ஆவது இடத்தில் ஒரே ஓர் அமினோ அமிலம்தான் வேறுபாடு: அலனின் இருந்தால் எதிர்ப்பு, செரின் இருந்தால் இல்லை. மார்க்கர் அந்த ஓர் எழுத்தைச் சரியாகப் படித்தும் செடி நோய்வாய்ப்படலாம். பிஐ-டிஏ வேலை செய்ய, பக்கத்திலேயே உள்ள பிடிஆர் என்ற இன்னொரு மரபணுவும் வேண்டும். அந்த மரபணுவை 2018இல் பிரித்தெடுத்தார்கள். பிஐ21 என்ற இன்னொரு குலை நோய் எதிர்ப்பு மரபணுவின் சிக்கல் வேறு: சோற்றின் சுவையைக் கெடுக்கும் மரபணு அதை ஒட்டியே இருந்ததால், எதிர்ப்பைக் கொண்டுவரும்போதெல்லாம் அதுவும் கூடவே வந்தது. இரண்டுக்கும் இடையில் குறுக்கேற்றம் நடந்த செடியைத் தேடிப் பிடித்த பிறகே அதைப் பயன்படுத்த முடிந்தது.

தகராறு வரும் செடியை அடையாளம் காணும்போது அது பாதி செத்திருக்கும் என்பதால், வெட்டும் முன்பே ஒவ்வொரு செடியிலிருந்தும் ஒரு தூரைப் பிரித்துத் தனித் தொட்டியில் நட்டு, அதே எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளில் வேர் பிடித்துவிடும். ஜெல்லும் இலையும் முரண்பட்டால், அந்தத் தூரிலிருந்து புது டிஎன்ஏவும் எடுக்கலாம், வேறு கிருமியை வைத்து மறுபடி வெட்டியும் பார்க்கலாம். எண்ணைப் பென்சிலாலேயே எழுதுங்கள். மார்க்கர் பேனா மை வெயிலில் மூன்று வாரத்தில் வெளுத்துவிடும்.